ஏர் இந்தியா இன்டர்நேஷனல் சூப்பர் கான்ஸ்டலேஷன் ரீபெயின்ட்: 'மலபார் பிரின்சஸ்' அல்ல, 'ராணி'

செவ்வால் (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களுக்கு வணக்கம். விமானம் ஓட்டும் சிமுலேட்டரில் இப்போது நம் கையில் இருக்கும் லாக்ஹீட் எல்-1049 சூப்பர் கான்ஸ்டலேஷன் மாடலுக்கு, 1950களின் ஏர் இந்தியா இன்டர்நேஷனல் லிவரியை (நிறுவனத்தின் வண்ணக்கோலம்) பூசத் தொடங்கியிருக்கிறேன். வெள்ளை முதுகு, ஜன்னல் வரிசையை ஒட்டி ஓடும் சிவப்புப் பட்டை, கீழே பூச்சில்லாத அலுமினியம். எடுத்துக்கொண்ட விமானம் 1954இல் வந்த 'ராணி ஆஃப் ஜான்சி'.

அறிவித்த உடனேயே "மலபார் பிரின்சஸ் எப்போது வரும்?" என்று தனிச்செய்திகள் வந்தன. ஆசை புரிகிறது. 1948 ஜூன் 8 அன்று பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் புறப்பட்ட, அந்த நிறுவனத்தின் முதல் பன்னாட்டுப் பயணத்தில் பறந்த விமானம் அது. பதிவெண் விடி-சிக்யூபி. ஆனால் அது எல்-749, கான்ஸ்டலேஷனின் முந்தைய, குட்டையான வகை. நம்மிடம் இருப்பது எல்-1049. இரண்டுக்கும் இடையே 5.6 மீட்டர் நீள வித்தியாசம் இருக்கிறது. 749இல் ஜன்னல்கள் வட்டம், 1049இல் செவ்வகம். 1049இன் உடலில் விடி-சிக்யூபி என்று எழுதினால், உலகில் என்றுமே பறந்திராத ஒரு விமானம்தான் திரையில் நிற்கும்.

பழைய பயணிகள் விமானத்துக்கு நிறம் பூசுகிறவர் ஒரு நிறுவனத்தைப் பூசக்கூடாது. ஒரே ஒரு விமானத்தை, அதன் வாழ்வின் ஒரு குறிப்பிட்ட காலத்தில் எப்படி இருந்ததோ அப்படிப் பூச வேண்டும். இதுதான் என் நிலைப்பாடு. புகைப்படம் வைத்திருப்பவர்கள், உலோகப் பரப்பு கைவந்தவர்கள், எதிர்க்கருத்து உள்ளவர்கள் எல்லோரும் பேசுங்கள்.

---

ஜெனீவாவழி

எதிர்க்கருத்து என்னிடம் இருக்கிறது. ஆல்ப்ஸுக்கு மேலே 18,000 அடியில் பறக்கும்போது யார் ஜன்னலை எண்ணப் போகிறார்கள்? பெரும்பாலோர் விமானியின் இருக்கையை விட்டு வெளியே வருவதே இல்லை. மலபார் பிரின்சஸ் என்ற பெயரைத் தேடி ஒருவர் வருகிறார், பதிவிறக்குகிறார், அந்த முதல் வழித்தடத்தைப் பறந்து பார்க்கிறார். அந்த வரலாறு அவருக்குள் போய்ச் சேர்கிறது. நல்ல 749 மாடல் வரும்வரை யாரும் அதைப் பறக்கக்கூடாது என்பது கடுமையாக இருக்கிறது. விவரக்குறிப்பில் "உண்மை விமானம் இதைவிடக் குட்டையானது" என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதாதா?

---

செவ்வால்

போதாது, நண்பரே. விவரக்குறிப்பு பதிவிறக்கப் பக்கத்தோடு நின்றுவிடும். திரைப்படிமம் (ஸ்கிரீன்ஷாட்) மட்டும் ஊர் சுற்றும். தலைப்பில்லாமல், கறுப்பு வெள்ளையாக மாற்றப்பட்டு, பழைய புகைப்படம் என்ற பெயரில் சிமுலேட்டர் படங்கள் உலவுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அடுத்து இதே விமானத்தைப் பூச வருகிற ஓவியர் அதையே ஆதாரமாக எடுத்துக்கொள்வார். ஜெட் விமானங்களுக்கு இந்த ஆபத்து குறைவு, ஏனென்றால் வண்ணப் படங்கள் ஏராளம். 1950களின் இந்திய விமானங்களுக்குக் கிடைக்கும் படங்களே சில. அந்தச் சிலவற்றுக்கு நடுவே நாம் செய்த ஒன்று கலந்துவிட்டால் பிரித்தெடுக்க ஆளில்லை.

வழித்தடம்தான் வேண்டுமென்றால் அதில் எந்த இழப்பும் இல்லை. பம்பாயிலிருந்து லண்டனுக்கு சூப்பர் கான்ஸ்டலேஷன்களும் பறந்தன. ராணியோடு ஜெனீவா போகலாம்.

---

மேகத்தச்சன்

ஜெனீவாவழி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மக்களுக்குப் பெயர்தான் முதலில் தெரிகிறது. ஆனால் மலபார் பிரின்சஸைப் பற்றி இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 1950 நவம்பர் 3 அன்று அது மோன் பிளாங் மலையில் மோதி, உள்ளே இருந்த 48 பேரும் இறந்தார்கள். 1955 ஏப்ரல் 11 அன்று பாண்டுங் மாநாட்டுக்குச் சென்ற குழுவினரோடு, வெடிகுண்டு வைக்கப்பட்டு நடுக்கடலில் வீழ்ந்த 'காஷ்மீர் பிரின்சஸ்' விமானமும் ஒரு 749தான். விபத்துக்குள்ளான விமானங்களைப் பூசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பூசினால் சரியாகப் பூச வேண்டும். தவறான உடலில், அவசரத்தில், பதிவிறக்க எண்ணிக்கைக்காகப் பூசக்கூடாது. அந்தப் பதிவெண்களோடு மனிதர்களின் பெயர்கள் ஒட்டியிருக்கின்றன.

---

ஜெனீவாவழி

இந்தக் கோணத்தில் நான் பார்க்கவில்லை. விபத்தைப் பற்றிச் சொன்னது சரி. திரைப்படிமம் பற்றிய அச்சம் கொஞ்சம் மிகை என்றே இன்னும் நினைக்கிறேன். இருந்தாலும் ராணியை எதிர்க்கவில்லை, செய்யுங்கள்.

---

புதுச்சிறகு

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். இதே மாடலில் பயிற்சிக்காக ஒரு லிவரி செய்கிறேன். வயிற்றுப் பகுதியை உலோகமாக்கினால் கருப்பாகத் தெரிகிறது. சாம்பல் நிறத்தை மேலும் வெளுத்தால் வெள்ளைப் பூச்சுபோல ஆகிவிடுகிறது. வெள்ளை முதுகும் உலோகமும் சேரும் எல்லையில் ஒரு கருங்கோடு வேறு வருகிறது. நான் போட்ட கோடு அல்ல அது. எங்கே பார்க்க வேண்டும்?

---

அலுமினியம்_அப்பா

தம்பி, இரண்டு கேள்விக்கும் விடை, பரப்பின் தன்மையைச் சொல்லும் 'காம்ப்' கோப்பில்தான் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும்.

பழைய சிமுலேட்டர்களில் உலோகம் என்றால் சாம்பல் நிறத்தை அடித்து, மேலே வானத்தின் வெளிச்சத்தையும் கீழே நிழலையும் நாமே வரைவோம். இப்போது அப்படி வரைந்தால் கெட்டுப்போகும். இப்போதைய முறையில் ஆல்பிடோ கோப்பு நிறத்தை மட்டும் சொல்கிறது. காம்ப் கோப்பின் சிவப்புச் சேனல் இடுக்குகளின் நிழலையும், பச்சைச் சேனல் சொரசொரப்பையும், நீலச் சேனல் உலோகத்தன்மையையும் வைத்திருக்கிறது. நீலத்தை முழு அளவுக்கு ஏற்றியதும் அந்த இடம் தன் நிறத்தை விட்டுவிட்டுச் சுற்றுப்புறத்தைப் பிரதிபலிக்கத் தொடங்கும். அப்போது ஆல்பிடோவில் நீங்கள் போட்ட சாம்பல், பிரதிபலிப்பின் மேல் விழும் திரையாகிவிடுகிறது. சாம்பல் இருட்டாக இருந்தால் பிரதிபலிப்பும் இருளும். அலுமினியம் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும் உலோகம். ஆகவே ஆல்பிடோவில் வெள்ளைக்கு மிக அருகிலுள்ள வெளிர்சாம்பலைப் போடுங்கள், நிழல் எதையும் வரையாதீர்கள். அது வெள்ளைப் பூச்சுபோலத் தெரிகிறது என்றால் உங்கள் நீலச் சேனல் முழு அளவில் இல்லை, அல்லது பச்சைச் சேனலில் சொரசொரப்பு அதிகம்.

இன்னொன்று: காம்ப் கோப்பைச் சேமிக்கும்போது அதை வண்ணப்படமாக நினைத்து எஸ்ஆர்ஜிபி முறையில் சேமிக்காதீர்கள். அது அளவுகளின் அட்டவணை, படம் அல்ல. அந்த ஒரு தேர்வு தவறினால் எல்லா அளவும் நகர்ந்துவிடும்.

கருங்கோட்டுக்கு வருகிறேன். வெள்ளைப் பூச்சுக்கு உலோகத்தன்மை சுழியம், அலுமினியத்துக்கு முழு அளவு. நடுவில் நீங்கள் மென்மையான ஓரம் வைத்திருந்தால் அங்கே பாதி உலோகம் என்ற, இயற்கையில் இல்லாத ஒரு பொருள் உருவாகிறது. அது இருட்டாகத்தான் தெரியும். ஆல்பிடோவுக்கும் காம்புக்கும் எது பூச்சு, எது உலோகம் என்று பிரிக்கும் ஒரே முகமூடி லேயரைப் பயன்படுத்துங்கள். ஓரம் கூர்மையாக இருக்கட்டும். 1950களில் ஒட்டுநாடா ஒட்டித்தான் பூசினார்கள், உண்மையான ஓரமும் கூர்மைதான்.

செவ்வாலுக்கு ஒரு வேண்டுகோள். வயிறு முழுவதற்கும் ஒரே சொரசொரப்பு அளவைக் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் கால அலுமினியத் தகடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக ஒளியைத் திருப்பும்; உருட்டப்பட்ட திசையும் மெருகேற்றிய கையும் பலகைக்குப் பலகை மாறும். பச்சைச் சேனலில் பலகைக்குப் பலகை மிகச் சிறிய வித்தியாசம் போதும். நிறத்தைத் தொடவே வேண்டாம். மாலை வெயிலில் பாருங்கள், அதன் பிறகு ஒற்றை அளவுக்குத் திரும்ப மாட்டீர்கள்.

---

டகோட்டாக்காரன்

அப்பா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எல்லாம் உலோகம் அல்ல. டிசி-3 (டகோட்டா) விமானம் பூசுகிறவர்கள் இதில் அடிக்கடி சறுக்குவதைப் பார்க்கிறேன்: அதன் எய்லரான், எலிவேட்டர், ரட்டர் என்ற அசையும் கட்டுப்பாட்டுப் பரப்புகள் மூன்றும் துணி போர்த்தியவை. அலுமினியத் தூள் கலந்த பூச்சு அடித்திருப்பார்கள். தூரத்திலிருந்து உலோகம்போலத் தெரியும், ஆனால் பளபளப்பு வராது. அவற்றுக்கு உலோகத்தன்மை கூடவே கூடாது. கான்ஸ்டலேஷனிலும் இறக்கை முன்விளிம்பின் பனிநீக்கி ரப்பரைக் கவனியுங்கள். அது கருப்பு, மங்கல். அதற்குப் பின்னால் உடனே அலுமினியம் தொடங்குவதால்தான் அந்த இறக்கைக்கு அவ்வளவு அழகு.

---

புதுச்சிறகு

கருங்கோடு போய்விட்டது! முகமூடிதான் காரணம். மிக்க நன்றி ஐயா.

---

வெள்ளித்தகடு

நான் நிறத்தைப் பற்றிப் பேசுகிறேன். பழைய புகைப்படங்களோடு நீண்ட காலமாகப் பழகியவன் என்பதால் இது எனக்கு நெருக்கமான விஷயம்.

சிவப்புப் பட்டையின் சிவப்பு எது என்று முடிவு செய்ய, இணையத்தில் கிடைத்த படத்தில் நிறம் எடுக்கும் கருவியை வைத்து அழுத்தக்கூடாது. அந்தக் காலத்து வண்ணப் படங்களில் பெரும்பாலானவற்றில் சாயங்கள் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. சியான் (நீலப்பச்சை) சாயம் முதலில் போய்விட்டால் படம் முழுக்கச் செந்நிறம் ஏறிவிடும். உங்கள் சிவப்பு உண்மையைவிடச் சூடாகத் தெரியும். கோடாக்ரோம் ஸ்லைடு மட்டும் இருட்டில் வைத்திருந்தால் வியக்கத்தக்க அளவுக்கு நிறம் காக்கும். ஆகவே ஒரு படம் கிடைத்தால் முதலில் அது எந்த ஃபிலிம் என்று கேளுங்கள். பிறகு அதே படத்தில் நிறம் தெரிந்த ஒன்றைத் தேடுங்கள்: வெள்ளை முதுகு, ஓடுதளக் கான்கிரீட், தேசியக் கொடி. வெள்ளை வெள்ளையாக இல்லையென்றால் சிவப்பும் சிவப்பாக இல்லை.

கறுப்பு வெள்ளைப் படம் பயனற்றது என்று யாரும் நினைக்க வேண்டாம். வடிவத்துக்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. ஆனால் சாம்பலின் அடர்த்தியை வைத்து நிறத்தை ஊகிப்பது அபாயம். சிவப்பை உணராத ஆர்த்தோக்ரோமேட்டிக் ஃபிலிமில் சிவப்பு ஏறக்குறையக் கருப்பாக விழும், நீலம் வெளுத்துவிடும். எல்லா நிறத்தையும் உணரும் பான்க்ரோமேட்டிக்கில் அப்படி இல்லை. அதிலும் புகைப்படக்காரர் வானத்தை அடர்த்தியாக்கச் சிவப்பு வடிப்பான் போட்டிருந்தால் கதை தலைகீழ்: வானம் இருண்டு, சிவப்புப் பட்டை வெளிறிவிடும். ஒரே விமானத்தின் இரண்டு படங்களில் பட்டை வேறு வேறு அடர்த்தியில் இருந்தால், மறுபூச்சு நடந்தது என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் வானத்தைப் பாருங்கள்.

---

செவ்வால்

வானத்தைப் பார்க்கச் சொன்னது என் கையிலிருக்கும் இரண்டு படங்களுக்கு அப்படியே பொருந்துகிறது. ஒன்றில் வானம் கிட்டத்தட்டக் கருப்பு. பட்டை அதில் வெளிறியிருந்ததற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். மிக்க நன்றி.

இப்போது பட்டையின் வடிவம். கான்ஸ்டலேஷனைப் பூசியவர்களுக்குத் தெரியும், அதன் உடலில் நேரான குழாய்ப்பகுதி என்று அதிகம் இல்லை. மூக்கு தாழ்ந்து, முதுகு வளைந்து, வால் உயர்ந்து போகிறது. டெக்ஸ்சர் தாளில் (மாடலின் மேல் போர்த்தும் தட்டைப் படம்) நேர்க்கோடு போட்டால் விமானத்தில் அது பாம்பாக நெளிகிறது. தாளில் வளைத்து வளைத்துச் சரிசெய்வதை விட்டுவிட்டேன். மாடலை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஏற்றி, சரியான பக்கவாட்டுப் பார்வையில் பட்டையை ஒளியாகப் பாய்ச்சுவதுபோல மேலே பதித்து, அதைத் தாளுக்கு இறக்கிக்கொள்கிறேன். புகைப்படத்தோடு ஒப்பிட ஜன்னல்களே அளவுகோல். எந்த ஜன்னலின் கீழ்விளிம்பைப் பட்டை தொடுகிறது, கதவின் எந்த உயரத்தில் வெட்டுகிறது என்று குறித்துக்கொண்டால் புகைப்படத்தின் கோணம் ஏமாற்றாது. தூரத்திலிருந்து நீள லென்ஸில் எடுத்த படம் கிடைத்தால் இன்னும் நல்லது.

---

சிற்றெழுத்து

எழுத்துகளைப் பற்றி ஒரு கணக்கு. எல்-1049இன் நீளம் ஏறக்குறைய 34.6 மீட்டர். மூக்கிலிருந்து வால்வரை ஒரே 4096 பிக்சல் தாளில் விரித்தால் ஒரு பிக்சல் எட்டரை மில்லிமீட்டர். முதுகில் உள்ள பெரிய நிறுவனப் பெயருக்கு இது தாராளம். ஆனால் பத்து சென்டிமீட்டர் உயர எழுத்துக்கு உயரவாக்கில் கிடைப்பது பன்னிரண்டு பிக்சல்தான். 'ராணி ஆஃப் ஜான்சி' என்ற பெயரை அதில் எழுதினால் மங்கிக் குழம்பும். மாடலில் தனி டீக்கால் (ஒட்டுப்படம்) தளம் இருந்தால் பெயரையும் கதவருகே உள்ள சிறு அறிவிப்புகளையும் அதில் போடுங்கள்.

எழுத்துருவைத் தேடி அலையவும் வேண்டாம். அந்தக் காலத்தில் கையால் வரைந்து, அச்சு வெட்டிப் பூசியவை. கணினி எழுத்துரு எதுவும் முழுதாகப் பொருந்தாது. குறிப்பாக 'ஆர்', 'எஸ்' போன்ற ஆங்கில எழுத்துகளின் வளைவு காட்டிக்கொடுக்கும். புகைப்படத்தைக் கோணம் திருத்தி, மேலே வெக்டர் கோடாக வரைந்துகொள்வதே வழி.

---

ஜெனீவாவழி

முதுகில் 'இன்டர்நேஷனல்' என்ற சொல் வேண்டுமா? நிறுவனத்தின் பெயர் வெறும் ஏர் இந்தியா ஆனது 1962 ஜூன் 8 அன்று. அதற்கு மூன்று நாள் கழித்து, முழுக்க ஜெட் விமானங்களையே இயக்கும் உலகின் முதல் நிறுவனம் என்ற இடத்துக்கு அது வந்துவிட்டது. அப்படியானால் பயணிகளை ஏற்றிய காலம் முழுதும் சூப்பர் கான்ஸ்டலேஷனில் 'இன்டர்நேஷனல்' இருந்திருக்க வேண்டும், இல்லையா?

---

மேகத்தச்சன்

தர்க்கம் அழகு, ஆனால் சட்டப்படி பெயர் மாறிய நாளும் தூரிகை எடுத்த நாளும் ஒன்றல்ல. நிறுவனங்கள் விளம்பரத்தில் சுருக்கப் பெயரை முன்பே பயன்படுத்தத் தொடங்கிவிடும். சில விமானங்களில் பழைய பெயர் அடுத்த பெரிய பராமரிப்புவரை நீடிக்கும். தேதிகள் எங்கே தேட வேண்டும் என்று காட்டும். முடிவைப் படம்தான் சொல்ல வேண்டும்.

---

செவ்வால்

ஆமாம். நான் எடுத்துக்கொண்ட காலம் விமானம் வந்த புதிது. அந்தக் காலப் படத்தில் 'இன்டர்நேஷனல்' இருக்கிறது. அதையே பூசுகிறேன்.

---

எண்ணெய்க்கறை

அழுக்கு எங்கே? இதுவரை யாரும் பேசவில்லையே. ஒவ்வொரு எஞ்சினும் 18 சிலிண்டர் ரைட் டர்போ-காம்பவுண்ட். வெளியேறும் புகையின் ஆற்றலை எஞ்சினுக்கு மூன்று டர்பைன்கள் வைத்துத் திரும்ப எடுத்தார்கள். புகைக்கரி, எண்ணெய் வழிசல், வெப்பத்தில் நிறம் மாறிய உலோகம், எல்லாம் வேண்டும். சுத்தமான கான்ஸ்டலேஷன் பொம்மைபோல இருக்கும்.

---

அலுமினியம்_அப்பா

எஞ்சின் கூட்டைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அளவு வேண்டும், தம்பி. இந்த விமானங்களை அழுக்காகக் காட்டும் படங்கள் பலவும் அவற்றின் இரண்டாம் வாழ்க்கையைச் சேர்ந்தவை. சரக்கு ஏற்றிய காலம், கைவிடப்பட்ட காலம். நிறுவனத்தின் முகமாக லண்டனில் போய் நின்ற விமானத்தைக் கழுவி மெருகேற்றத்தான் செய்தார்கள். கரி விழுவது புகைவாய்களுக்குப் பின்னால், காற்று போகும் வழியில். உடல் முழுக்க அல்ல. செவ்வால் பூசுவது புதிய விமானம். எஞ்சின் கூட்டிலும் அதன் பின்னால் இறக்கையிலும் மட்டும் போடுங்கள். அதையும் ஆல்பிடோவில் கொஞ்சம், சொரசொரப்பில் அதிகம். எண்ணெய்ப்படலம் பளபளக்கும், கரி மங்கும். அந்த வித்தியாசம் நிறத்தைவிட முக்கியம்.

---

எண்ணெய்க்கறை

பளபளப்பிலேயே அழுக்கைக் காட்டுவது நல்ல யோசனை. புகைவாய் வழித்தடத்தை நான் வரைந்து அனுப்புகிறேன், செவ்வால் விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம்.

---

டகோட்டாக்காரன்

கோவாவில் கடற்படை விமான அருங்காட்சியகத்தில் ஒரு சூப்பர் கான்ஸ்டலேஷன் நிற்கிறது. ஏர் இந்தியாவிடமிருந்து விமானப்படைக்குப் போய், 1976இல் கடற்படைக்கு மாறியவற்றில் ஒன்று. நிறத்துக்கு அதைப் பார்க்காதீர்கள், அது கடற்படை லிவரி. ஆனால் ஜன்னல் விளிம்பு, கதவுச் சட்டம், பலகை இணைப்புகள் ஆகியவற்றை அருகில் நின்று எடுத்த படங்கள் யாரிடமாவது இருந்தால் அவை தங்கம். ராணுவக் காலத்தில் செய்த மாற்றங்களை மட்டும் கழித்துப் பார்க்க வேண்டும்.

---

புதுச்சிறகு

இன்னொரு சந்தேகம். டிடிஎஸ் வடிவ டெக்ஸ்சர் கோப்புகள் எல்லாம் ஃபோல்டரில் இருக்கின்றன, ஆனால் சிமுலேட்டர் சிலவற்றை ஏற்பதே இல்லை.

---

சிற்றெழுத்து

லேஅவுட் ஜேசன் கோப்பைப் புதுப்பித்தீர்களா? புதிய கோப்பு ஒவ்வொன்றும் அதன் அளவோடு அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத கோப்பு சிமுலேட்டருக்கு இல்லாத கோப்பு. அப்படியே மிப்மேப் (தூரப் பார்வைக்கான சிறிய நகல்கள்) சேர்த்துச் சேமித்தீர்களா என்றும் பாருங்கள்; இல்லாவிட்டால் பட்டையின் மெல்லிய ஓரம் தூரத்திலிருந்து பார்க்கும்போது மினுமினுக்கும்.

---

செவ்வால்

பல கேள்விகள் தீர்ந்துவிட்டன. விமானம் 'ராணி ஆஃப் ஜான்சி', காலம் வந்த புதிது, இறக்கை நுனித் தொட்டியும் ரேடார் மூக்கும் இல்லாத வடிவம். அவை பிற்கால எல்-1049ஜி வகைக்கு உரியவை, மாடலில் அவற்றை அணைக்க முடிகிறது. அழுக்கு எஞ்சினைச் சுற்றி மட்டும். எண்ணெய்க்கறை அனுப்பும் வழித்தடத்தைச் சேர்த்துக்கொள்கிறேன், விவரக்குறிப்பில் அவர் பெயர் இருக்கும். பொதியில் என் டெக்ஸ்சர் மட்டும்தான் போகும். மாடல் தயாரிப்பாளரின் மூலக்கோப்புகளோ பிறருடைய புகைப்படங்களோ போகாது.

மீதியிருப்பது வால்கள். மூன்று செங்குத்து வால், ஆறு முகம். பக்கவாட்டுப் படத்தில் கிடைப்பது வெளிப்புற முகங்கள் மட்டும். நடு வாலின் இரு முகங்களும் பக்க வால்களின் உள்முகங்களும் எப்படி இருந்தன என்பதற்குப் பின்னாலிருந்து எடுத்த படம் ஒன்று வேண்டும். டெக்ஸ்சர் தாளில் இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பமாக அடுக்கப்பட்டிருப்பதால் இதை ஊகத்தில் விட முடியாது. மூவர்ணக் கொடி என்றால் கவலையில்லை, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான். எழுத்தும் நிறுவனத்தின் வில்லாளிச் சின்னமும் அப்படி அல்ல. யாரிடமாவது பின்பக்கப் படம் இருந்தால், கறுப்பு வெள்ளையானாலும் சரி, எந்த ஆண்டு என்ற குறிப்போடு இங்கே தெரிவியுங்கள். அது கிடைக்கும்வரை உள்முகங்களை வெறும் அலுமினியமாகவே விட்டு முதல் பதிப்பை வெளியிடுகிறேன். உறுதி செய்யப்படாத பகுதி அது என்று விவரக்குறிப்பின் முதல் வரியிலேயே இருக்கும்.

---

வெள்ளித்தகடு

என்னிடம் பின்பக்கக் கோணத்தில் ஒரு ஸ்லைடு இருக்கக்கூடும். எந்த விமானம் என்று பதிவெண்ணைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். 'ராணி' என்று பெயர் தொடங்கும் வேறொரு சூப்பர் கான்ஸ்டலேஷனாக இருந்தால் பயன்படுத்துவீர்களா?

---

செவ்வால்

ஒப்பிடப் பயன்படும். அப்படியே எடுத்துப் பூச மாட்டேன். ஸ்கேன் செய்யும்போது தானியங்கி நிறத்திருத்தத்தை மட்டும் அணைத்துவிடுங்கள்.